விளக்கைக் கீழே வைத்த அம்மையார்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வேதியியல் பயிலும் மாணவிக்கு நாடக மேடையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அமிலமும் காரமுமாக ஆய்வுக்கூடத்தில் காலம் கழிக்கும் நான், இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஆங்கில நாடக நடிகை ஒருவரின் வரலாற்றை எழுத முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு பகுதி இரண்டு ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்திலிருந்து ஒரு காட்சி எங்களுக்குப் பாடமாக இருந்தது. ஸ்காட்லாந்து நாட்டுத் தளபதி மாக்பெத், மூன்று சூனியக்காரிகளின் வாக்கைக் கேட்டு அரசனாகும் ஆசை கொள்கிறான். தயங்கும் அவனைத் தூண்டி, விருந்தாளியாக வந்து உறங்கும் முதிய அரசன் டங்கனைக் கொல்ல வைக்கிறாள் அவன் மனைவி. முடி கிடைக்கிறது, நிம்மதி போகிறது. இறுதியில் அவள் உறக்கத்திலேயே எழுந்து நடந்து, கையில் இல்லாத இரத்தத்தைக் கழுவிக் கழுவி மாண்டு போகிறாள். இந்த லேடி மாக்பெத்தின் பண்புநலனை எழுதுக என்பது தேர்வில் வந்த வினா. பேராசையின் வடிவம், பெண்மையற்றவள், நான்காவது சூனியக்காரி என்றெல்லாம் கைடு சொன்னபடி எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

ஆய்வுக்கூடத்தில் தரம் பார்த்தல் செய்யாமலே பியூரெட் அளவை எழுதி வைத்தால் எங்கள் பேராசிரியர் ரெக்கார்டின் அந்தப் பக்கத்தை அடித்துவிடுவார். பிறர் கண்ட முடிவை நம் முடிவாக எழுதுவது அறிவியலில் குற்றம். ஆனால் ஒரு பெண்ணைப் பற்றிப் பிறர் கண்ட முடிவை எழுதியதற்கு எனக்கு மதிப்பெண் கிடைத்தது! இந்த முரண்பாடு அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைக்க வைத்தவர் சாரா சிடன்ஸ் அம்மையார். கல்லூரி நூலகத்தின் ஆங்கில அடுக்கில் ஒருநாள் மாலை அவருடைய வரலாற்றைச் சந்தித்தேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் விடவில்லை.

நாடோடிக் குடும்பம்

1755-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் என்னும் சிற்றூரில், ஒரு சத்திரத்தில் பிறந்தார் சாரா. தந்தை ரோஜர் கெம்பிள் ஊர் ஊராகச் சென்று நாடகம் போடும் குழுவின் தலைவர். தாயும் நடிகை. பன்னிரண்டு குழந்தைகளில் சாராவே மூத்தவர். மூத்த பெண்ணாகப் பிறந்தவர்களுக்கு அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

நாடகக்காரர்களுக்கு அந்நாளில் சமுதாயத்தில் மதிப்பில்லை. 1737-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெறாத நாடகக் குழுவினர் நாடோடிகளாகவும் போக்கிரிகளாகவும் கருதப்பட்டனர். ஆகவே பல குழுக்கள் ஒரு தந்திரம் செய்தன. சங்கீதக் கச்சேரிக்கென்று சீட்டு விற்று, இடைவேளையில் நாடகத்தை இலவசமாகக் காட்டுவதாக விளம்பரம் செய்தன! 1767-இல் வூஸ்டர் நகரில் இப்படி நடந்த ஒரு நாடகத்தில், முதலாம் சார்லஸ் மன்னரின் மகளாகச் சிறுமி சாரா மேடையேறினார்.

குழுவிலேயே வில்லியம் சிடன்ஸ் என்ற நடிகர் இருந்தார். சாரா அவரை விரும்பினார். பெற்றோர் மறுத்தனர். மகளை வாரிக் நகருக்கு அருகில் கைஸ் கிளிஃப் என்ற மாளிகைக்குப் பணிப்பெண்ணாக அனுப்பி வைத்தனர். காதலைப் பிரித்து வைக்கும் முறை எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்! ஆனால் சாரா மனம் மாறவில்லை. இறுதியில் பெற்றோரே இசைந்தனர். 1773 நவம்பரில் கவென்ட்ரி நகரத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது பதினெட்டு. பதினைந்து ஆண்டுகள் கழித்து, தாம் பணிப்பெண்ணாக நின்ற அதே குடும்பத்தின் மகன் பெர்ட்டி கிரேட்ஹீட் எழுதிய நாடகத்தில் அவர் கதாநாயகியாக நடித்தார் என்பதையும் இங்கேயே குறித்துவிடுகிறேன்.

என் வயதில் அவர்

இந்த வரலாற்றில் என்னைக் கட்டிப்போட்ட இடம் ஒன்று உண்டு. அம்மையாரே பின்னாளில் எழுதி வைத்த நினைவு அது. அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபது வயது. இன்று எனக்கும் அதே வயது. லேடி மாக்பெத் வேடத்தை முதன்முதலாக ஏற்க வேண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு பாடம் செய்வது அவர் வழக்கம். வேடம் சிறியது, வசனத்தை நெட்டுருப் போட்டால் போதும் என்று எண்ணி, நள்ளிரவில் தனியே அமர்ந்தார். கொலைக் காட்சி வந்தது. படிக்கப் படிக்க உடல் நடுங்கியது. மெழுகுவர்த்தியைப் பறித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். அவர் உடுத்தியிருந்த பட்டாடை சரசரத்தது. ஏதோ ஒன்று பின்னால் துரத்தி வருவதாகவே தோன்றியது. அறைக்குள் புகுந்து, விளக்கை மேசைமேல் வைத்துவிட்டு, உடையைக்கூட மாற்றத் துணிவின்றி, உறங்கும் கணவர் அருகில் விழுந்தார்.

நெட்டுருப் போடுவதற்கும் உணர்வதற்கும் உள்ள தூரத்தை அன்றிரவு அந்த மாடிப்படியில் அவர் அளந்துவிட்டார். அதே வேடத்தை நான் கைடிலிருந்து மனப்பாடம் செய்தேன்; என் உறக்கம் ஒரு நாழிகைகூடக் கெடவில்லை! படித்தவர் இருவர், பயந்தவர் ஒருவர்தான்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

செல்ட்னம் நகரில் சாரா நடித்த புகழ், லண்டன் ட்ரூரி லேன் அரங்கின் அதிபரும் மாபெரும் நடிகருமான டேவிட் காரிக்கின் செவிக்கு எட்டியது. அழைப்பு வந்தது. 1775 நவம்பரில் இரண்டாவது குழந்தையைப் பெற்றெடுத்தவர், இரண்டு திங்கள்கூட நிறையாத நிலையில், டிசம்பர் 29 அன்று 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் போர்ஷியாவாக லண்டன் மேடையில் நின்றார். கால் தடுமாறியது, குரல் எழும்பவில்லை. பத்திரிகைகள் இரக்கம் காட்டவில்லை. பருவம் முடிந்ததும், இனி வரவேண்டாம் என்று செய்தி வந்தது. அந்த அடியில் உடலும் உள்ளமும் நலிந்து, ஒன்றரை ஆண்டுக் காலம் தாம் பிழைப்பதே ஐயம் என்று பிறர் எண்ணும்படி இருந்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

ஆயினும் வீட்டில் இரண்டு குழந்தைகள் பசியோடு இருக்கும்போது நலிந்து கிடக்க யாருக்கு நேரம் உண்டு? மான்செஸ்டர், யார்க் என்று ஊர் ஊராக நடித்தார். 1778 முதல் பாத் நகர அரங்கில் வாரம் மூன்று பவுன் சம்பளத்தில் சேர்ந்தார். காலையில் பாத் நகரில் ஒத்திகை. மாலையில் பன்னிரண்டு மைல் வண்டிப் பயணம் செய்து பிரிஸ்டலில் நாடகம். இரவே திரும்பிப் பயணம். மறுநாள் வேறொரு வேடம். இடையில் குழந்தைப் பேறு. இப்படி நான்கு ஆண்டுகள். இந்தப் பயிற்சிக்கு ஈடான பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது?

லண்டன் மீண்டும் அழைத்தது. பாத் நகர மக்கள் அவரை விட மனமில்லாது இருந்தனர். 1782-இல் பிரிவு நாள் நாடகத்தில், தாம் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்று அறிவித்த அம்மையார், தம் மூன்று குழந்தைகளையும் மேடைக்கு அழைத்து வந்து நிறுத்தினார். சம்பளம் போதவில்லை என்பதை இதைவிட நாகரிகமாக யார் சொல்ல முடியும்?

1782 அக்டோபர் 10. அதே ட்ரூரி லேன். இசபெல்லா என்ற துன்பியல் தலைவியின் வேடம். நாடகத்தில் அவருடைய மகனாக நடித்தவன் உண்மையிலேயே அவர் மகனான ஹென்றி. எட்டு வயதுச் சிறுவன் ஒத்திகையில் தாய் சாவதைக் கண்டு, உண்மையென்று நம்பிக் கதறிவிட்டான். அன்றிரவு அரங்கமே அழுதது. ஆறு ஆண்டுகளுக்கு முன் வேண்டாம் என்று அனுப்பிய நகரம், இப்போது சீட்டுக்கு முட்டி மோதியது. அரசர் மூன்றாம் ஜார்ஜும் அரசியாரும் அழைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டனர். ஓவிய மேதை ஜோஷுவா ரெனால்ட்ஸ் அவரைத் துன்பியலின் தெய்வமாகவே தீட்டி 1784-இல் காட்சிக்கு வைத்தார். தம் பெயரை அம்மையாரின் ஆடை விளிம்பில் எழுதிக்கொண்டார்.

பேராசைக்காரி என்ற பட்டம்

புகழ் வந்தால் பழி பின்னால் வராமல் இருக்குமா? அயர்லாந்தில் நடித்துவிட்டுத் திரும்பியவர்மீது ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. நலிந்த சக நடிகர்களுக்கு உதவியாக நடந்த நாடகங்களில் இலவசமாக நடிக்க மறுத்தார், அவர் பணப்பேய், கல்நெஞ்சக்காரி என்று பத்திரிகைகள் எழுதின. 1784 அக்டோபர் 5 அன்று மேடையேறியதும் கூச்சலும் சீழ்க்கையும் அவரை வரவேற்றன. சகோதரர் கைபிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். அங்கே மயங்கி விழுந்தார். தெளிந்த பிறகு, தனியாக மீண்டும் மேடைக்கு வந்து, தம்மீது குற்றமில்லை என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு அன்றைய நாடகத்தையும் நடித்து முடித்தார். தம் குழந்தைகளை எண்ணியிராவிட்டால் அன்றோடு மேடையைத் துறந்திருப்பேன் என்ற பொருள்படப் பின்னாளில் எழுதினார். குற்றச்சாட்டு உண்மையன்று என்பதற்குச் சம்பந்தப்பட்ட நடிகர்களின் கடிதங்களும் பிறகு வெளிவந்தன.

அவர் பணத்தில் கண்ணாக இருந்தது உண்மையே. பத்தாயிரம் பவுன் சேர்க்க வேண்டும் என்று மனத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஆனால் நண்பர்களே, அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தையும் பாருங்கள். மணமான பெண் ஈட்டும் ஊதியம் கணவனுடையது. 1870-இலும் 1882-இலும் வந்த சட்டங்களே அந்த நிலையை மாற்றின. அம்மையார் தொண்டை வறள ஈட்டிய ஒவ்வொரு பவுனும் சட்டப்படி வில்லியம் சிடன்சின் கைக்கே சென்றது. அரங்கின் அதிபராகக் காரிக்குக்குப் பின் வந்த ஷெரிடனோ, நாடகம் எழுதுவதில் வல்லவர். சம்பளம் கொடுப்பதில் அல்லர். பாக்கிக்காக அம்மையார் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. இவ்வளவுக்கும் நடுவில் பணம் கேட்ட பெண்ணுக்குக் கிடைத்த பெயர் பேராசைக்காரி.

இந்தச் சொல்லை நான் புத்தகத்தில் மட்டும் கேட்டவள் அல்லள். பிளஸ் டூ முடித்து இக்கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் அதுவரை ஒருவரும் இல்லை. வயதுக்கு வந்த பெண்ணை இரண்டு பஸ் மாறி அனுப்பிப் படிக்க வைக்க வேண்டுமா, பீடி சுற்றும் வீட்டுக்கு ஏன் இந்தப் பேராசை என்று உறவினர் ஒருவர் என் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா தலைகுனிந்திருந்தார். அம்மா மடியிலிருந்த தட்டைக்கூட இறக்கி வைக்கவில்லை. கை பாட்டுக்கு இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் சங்கத்தில் கடன் எழுதி, கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தார். ஆகவே, ஆசைப்பட்ட பெண் என்றாலே கொடியவள் என்று எழுதிய என் விடைத்தாள், யாரைப் பற்றிய தீர்ப்பு என்று இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1785 பிப்ரவரி 2

கூச்சலிட்டு விரட்டப்பட்ட நான்கே திங்களில், அம்மையார் லண்டனில் முதன்முறையாக லேடி மாக்பெத் வேடம் ஏற்றார். வயது இருபத்தொன்பது. அதற்கு முன் அந்த வேடத்தில் கொடிகட்டிப் பறந்தவர் ஹன்னா பிரிட்சார்ட் என்ற நடிகை. இரும்பு நெஞ்சம் கொண்ட அரக்கியாகவே அவர் அவளைக் காட்டினார் என்பர். அறிஞர் சாமுவேல் ஜான்சனும் தம் 1765-ஆம் ஆண்டு ஷேக்ஸ்பியர் பதிப்பில், அவள் வெறுப்புக்கு மட்டுமே உரியவள் என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டார். இந்த ஜான்சனை அம்மையார் 1783-இல் அவர் இல்லத்தில் சந்தித்தது உண்டு. எட்டாம் ஹென்றியின் அரசி கேதரினாக அம்மையார் நடித்தால், நொண்டிக்கொண்டாவது வந்து பார்ப்பதாகக் கிழவர் வாக்களித்தார். ஆனால் 1784 டிசம்பரில் அவர் மறைந்தார். ஆகவே கேதரினையும் அவர் பார்க்கவில்லை. தாம் தீர்ப்பெழுதிய லேடி மாக்பெத்தின் மறுவிசாரணையையும் பார்க்கவில்லை.

நாடகம் தொடங்கும் முன் ஷெரிடன் பதறிக்கொண்டு அம்மையாரின் ஒப்பனை அறைக்கு வந்தார். உறக்கத்தில் நடக்கும் காட்சியில் அம்மையார் விளக்கைக் கீழே வைத்துவிடப் போகிறார் என்று கேள்விப்பட்டாராம். பிரிட்சார்ட் அம்மையார் கடைசிவரை விளக்கைக் கையிலேயே பிடித்திருந்தார். அந்த மரபை மீறினால் மக்கள் திமிர் என்பார்கள் என்றார். அம்மையாரின் விடை மிக எளியது. கையில் படிந்த கறையைக் கழுவ வேண்டுமென்றால் இரண்டு கையும் வேண்டும். விளக்கைப் பிடித்துக்கொண்டு எப்படிக் கழுவுவது? ஆய்வுக்கூடத்தில் நிற்பவள் என்ற முறையில் நான் இந்த விடையை வணங்குகிறேன். மரபு என்ன சொல்கிறது என்று பாராமல், கை என்ன செய்யும் என்று அவர் பார்த்தார்.

வெள்ளுடை தரித்து வந்தார். விளக்கை மேசைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் தேய்த்துக் கழுவினார். அதுவரை அரக்கியைக் கண்டு அஞ்சிய கூட்டம், உறக்கம் பறிபோன ஒரு பெண்ணைக் கண்டது. நாடகம் முடிந்ததும் ஷெரிடனே வந்து, தம் சொல்லைக் கேளாத பிடிவாதத்துக்காக அவரைப் பாராட்டினார்.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று கணவன் கேட்கும் இடத்தில், லேடி மாக்பெத் இரண்டே சொற்களில் விடை சொல்வாள். அம்மையார் அதை முதலில் ஏளனக் கேள்வியாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு வியப்பாகச் சொன்னார். கடைசியில், தோற்றால் தோற்றோம், அத்துடன் முடிந்தது என்னும்படி அமைதியாகக் குரலை இறக்கிச் சொன்னார். அதுவே நிலைத்தது. ஒரே பரிசோதனையை மூன்று முறை செய்து பார்ப்பவரை நாம் என்னவென்று அழைப்போம்?

அவர் எழுதிய குறிப்பு

அம்மையார் நடித்ததோடு நிற்கவில்லை. லேடி மாக்பெத்தின் இயல்பைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பையும் எழுதினார். கவிஞர் தாமஸ் காம்ப்பெல் எழுதிய சிடன்ஸ் வரலாற்றில், அவர் மறைந்த பின் 1834-இல் அது வெளிவந்தது. அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன்.

அவள் ஆண்தன்மை கொண்ட அரக்கி அல்லள். வெண்ணிறமும் மென்மையும் கொண்ட, நொய்ந்த உடலினள் என்பது அம்மையாரின் கற்பனை. அப்படிப்பட்ட அழகும் அன்பும் இருந்தாலன்றி, மாக்பெத் போன்ற வீரனை அவளால் ஆட்கொண்டிருக்க முடியாது என்கிறார். அவள் குழந்தைக்குப் பாலூட்டியவள். அந்த இன்பத்தை அறிந்தவள். தன் கொடிய உறுதியைக் காட்ட அவள் அந்த நினைவையே எடுத்துப் பேசுகிறாளே, அதுவே அவள் நெஞ்சில் ஈரம் இருந்ததற்குச் சான்று என்பது அம்மையார் வாதம். உறங்கும் அரசனின் முகத்தில் தன் தந்தையின் சாயலைக் கண்டதால்தான் அவள் கத்தி தயங்கியது என்பதையும் அவர் சுட்டுகிறார். விருந்தில் பாங்கோவின் ஆவி மாக்பெத்தின் கண்ணுக்கு மட்டும் தெரிவதாகவே எல்லோரும் கொள்வர். அம்மையாரோ, அவளும் அதைக் கண்டாள் என்று நம்பினார். கண்டும், நடுக்கத்தை அடக்கிக்கொண்டு, விருந்தினரிடம் புன்னகை காட்டி, கணவனைக் காப்பாற்றினாள். அவன் தன் துயரை அவளிடம் கொட்டித் தீர்த்துக்கொண்டான். அவள் யாரிடம் கொட்டுவாள்? உள்ளேயே அடக்கியதால் அந்த மெல்லிய உடல் உடைந்தது.

கவனியுங்கள்: கொலையை அவர் மன்னிக்கவில்லை. ஆசை அவளுடைய நல்லியல்புகளை எரித்துவிட்டது என்று தெளிவாகவே எழுதுகிறார். தண்டனையைக் குறைக்க அவர் வாதாடவில்லை. குற்றவாளிக்கும் ஒரு நெஞ்சம் இருந்தது என்பதைப் பதிவு செய்யவே வாதாடினார். அம்மையாரோ உயர்ந்த உருவமும், கருமையான கண்களும், கம்பீரக் குரலும் கொண்டவர். எழுத்தில் மெல்லியலாளைக் கண்ட அவர், மேடையில் பேரரசியாகவே தோன்றினார். பார்த்தவர்களுக்கு அச்சமும் இரக்கமும் ஒருசேர வந்தன. ஹாஸ்லிட் போன்ற திறனாய்வாளர்கள் அவரைத் துன்பியலின் உருவமென்றே எழுதினர். 1888-இல் இதே வேடம் ஏற்ற எல்லன் டெர்ரி என்ற நடிகை, கணவனை நேசிக்கும் மனைவியாக அவளைக் காட்டத் துணிந்தார் என்றால், அதற்கு வழிவிட்டது அம்மையாரின் இந்தக் குறிப்பு எனலாம்.

வரலாறோ இன்னும் இரக்கமற்றது. உண்மையான மாக்பெத்தின் மனைவி பெயர் குருவாக். அவளுடைய முதற்கணவன் 1032-இல் தன் ஆட்கள் ஐம்பது பேருடன் எரித்துக் கொல்லப்பட்டான். கைக்குழந்தையோடு அவள் மாக்பெத்தை மணந்தாள். டங்கன் இறந்தது 1040-இல், போரில். விருந்தாளியாக வந்த வீட்டுப் படுக்கையில் அன்று. மாக்பெத் பதினேழு ஆண்டுகள் ஆண்டான். கணவனும் மனைவியும் துறவியர்க்கு நிலம் வழங்கிய செய்தி பதிவாகியிருக்கிறது. எழுதுகோல் நினைத்தால் எவரையும் அரக்கியாக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

திரை விழுந்தது

அம்மையாரின் பின்னாள் வாழ்வு புகழும் புண்ணுமாகவே கழிந்தது. 1794-இல் புதிதாகக் கட்டிய ட்ரூரி லேன் அரங்கைத் திறந்து வைத்த 'மாக்பெத்' நாடகத்தில், ஆறு திங்களுக்கு மேற்பட்ட கருவுடன் அவர் லேடி மாக்பெத்தாக நடித்தார். பெற்ற மக்கள் எழுவர். அவர்களுள் ஐவரைத் தம் வாழ்நாளிலேயே இழந்தார். 1798-இல் மகள் மரியாவும், 1803-இல் மூத்த மகள் சாலியும் மறைந்தனர். சாலி இறந்தபோது தாய் அயர்லாந்தில் இருந்தார். கணவரோடு வாழ்வு கசந்து பிரிந்திருந்த நிலையில், 1808-இல் அவரும் மாண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் கவென்ட் கார்டன் அரங்கு தீக்கிரையானது. முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த மேடை உடைகளும் அணிகளும் அந்தத் தீயில் சாம்பலாயின.

1812 ஜூன் 29. விடைபெறும் நாள். எத்தனையோ வேடங்கள் இருக்க, அம்மையார் தேர்ந்தெடுத்தது லேடி மாக்பெத்தையே. உறக்கத்தில் நடக்கும் காட்சி முடிந்தது. அதற்குமேல் நாடகம் தொடர மக்கள் விடவில்லை. கரவொலி ஓயவேயில்லை. மாக்பெத் சாகாமலே திரை விழுந்தது! மீண்டும் திரை உயர்ந்தபோது அம்மையார் வெள்ளுடையில் அமர்ந்திருந்தார், எழுந்து விடைபெற்றார். பின்னர் எப்போதாவது சிலமுறை மேடையேறியதோடு சரி. 1831 ஜூன் 8 அன்று தம் எழுபத்தைந்தாம் வயதில் லண்டனில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர் என்பர். சட்டம் நாடோடி என்று சொன்ன குலத்தில் பிறந்த பெண்ணுக்கு, அவர் அடக்கமான பாடிங்டன் கிரீன் பகுதியில் 1897-இல் பளிங்குச் சிலை எழுந்தது. திறந்து வைத்தவர் பெரும் நடிகர் ஹென்றி இர்விங்.

அம்மாவின் கேள்வி

இந்தக் கதையை ஒருநாள் இரவு என் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். பீடிக் கட்டுகளை எண்ணிக்கொண்டே கேட்டார். உறங்கும் கிழவனைக் கொன்றது கொன்றதுதான், அதற்கு மன்னிப்பில்லை என்றார். தூக்கம் போனதே பெரிய தண்டனை என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பெண் தனக்கென்று என்ன கேட்டாள்?

என்னால் விடை சொல்ல முடியவில்லை. மறுநாள் நூலகத்தில் நாடகத்தை எடுத்து வைத்து வரிவரியாகத் தேடினேன். கணவனின் கடிதத்தைப் படித்ததும் அவள் பேசுவதெல்லாம் அவன் அடைய வேண்டிய பெருமையைப் பற்றியே. ஓரிடத்தில் இனி வரும் நாளெல்லாம் நம் இருவருக்கும் ஆட்சி என்கிறாள். தனக்கென்று மட்டும் அவள் எதுவும் கேட்டதாக எனக்குத் தென்படவில்லை. அவளுக்கென்று நாடகத்தில் ஒரு பெயர்கூட இல்லை. கணவன் பெயரே அவள் பெயர். அம்மா ஒரே கேள்வியில் தொட்ட இடத்தை, கைடு முழுவதும் தேடினாலும் காண முடியாது.

ஆனால் அன்று முதல் இன்னொரு கேள்வி எனக்குள் எழுந்திருக்கிறது. பிறருக்காக ஆசைப்பட்டால் மட்டும்தான் ஒரு பெண்ணின் ஆசை மன்னிக்கத்தக்கதா? சிடன்ஸ் அம்மையார் குழந்தைகளுக்காகவும் நடித்தார், தமக்காகவும் நடித்தார். புகழ் வேண்டும் என்றார். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்றார். விளக்கை எங்கே வைப்பது என்பதைத் தாமே முடிவு செய்ய வேண்டும் என்றார். யார் குடியையும் கெடுக்காமல் இவ்வளவையும் கேட்டுப் பெற்றார். ஆசை வேறு, அதற்காகச் செய்யும் குற்றம் வேறு. இரண்டையும் ஒரே குடுவையில் ஊற்றிவிட்டு நிறம் மாறியது என்று சொல்வது நல்ல ஆய்வு ஆகாது.

என் அம்மாவும் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. அது அவருடைய பெருமை. ஆனால் நான் கேட்கப் போகிறேன். எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும், ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கென்று ஒரு மேசை வேண்டும், முதல் சம்பளத்தில் அம்மாவின் மடித்தட்டை நானே வாங்கிப் பரணில் போட வேண்டும். இதற்குப் பேராசை என்று பெயரிட்டு, நாளைக்கும் திண்ணையில் யாரேனும் பேசலாம். பேசட்டும். அந்தப் பெயரைத் தாங்கிய இருவரை நான் அறிவேன். ஒருவர் பாடிங்டன் கிரீனில் சிலையாக அமர்ந்திருக்கிறார். இன்னொருவர் இன்று மாலையும் நான் இறங்கப் போகும் பஸ்ஸை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருப்பார்.